உடும்பு முதல் யானை வரை: வனவிலங்குச் சட்டம் பேராவுக்கு வந்த வழி

சுங்கை சிப்புட் - பால்மரத் தோட்டங்களில் வளர்ந்த பெரியவர்களிடம் வேட்டையைப் பற்றிக் கேட்டால் கதைக்குப் பஞ்சமிருக்காது. ஞாயிற்றுக்கிழமை நாய்களோடு காட்டுப்பன்றி விரட்டியது, ஆற்றோரத்தில் உடும்பு பிடித்துக் குழம்பு வைத்தது, லயத்து வாசலில் கூண்டு கட்டித் தொங்கவிட்டுப் பறவை வளர்த்தது என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். அவற்றில் பல, இன்று உரிமம் இல்லாமல் செய்தால் நீதிமன்றப் படி ஏற வேண்டிய காரியங்கள்.

2010-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் (சட்டம் 716) விலங்குகளை இரண்டு பெரிய பட்டியல்களாகப் பிரிக்கிறது. முதல் பட்டியலில் இருப்பவை பாதுகாக்கப்பட்டவை. காட்டுப்பன்றியும் உடும்பும் மலைப்பாம்பும் நீண்டவால் குரங்கும் இதில் அடங்கும். உரிமம் பெற்றவர் விதிகளுக்கு உட்பட்டு இவற்றை வேட்டையாடலாம். இரண்டாவது பட்டியல், முழுமையாகப் பாதுகாக்கப்பட்டவை. புலி, யானை, கரடி, எறும்புத்தின்னி போன்றவை இங்கே வருகின்றன. அமைச்சரின் சிறப்பு அனுமதி இல்லாமல் இவற்றின் மீது கை வைக்க முடியாது. உயிரோடு பிடிப்பது மட்டும்தான் குற்றம் என்று நினைப்பவர்கள் உண்டு. தோல், பல், நகம், செதில், இறைச்சி எதை வைத்திருந்தாலும் குற்றம்தான்.

இந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது, முதலில் யாருக்காக எழுதப்பட்டது என்பது தோட்டப்புறங்களில் அதிகம் பேசப்படாத கதை. அதன் சில முக்கியமான அத்தியாயங்கள் பேராவிலேயே நடந்தவை.

வேட்டைக்காரர்கள் எழுதிய விதிகள்

இந்த வகைச் சட்டங்களில் மிகப் பழையவற்றுள் ஒன்று, தோட்டத் தொழிலாளர்களின் முன்னோர்கள் கப்பலேறி வந்த அதே மதராஸ் மாகாணத்தில் பிறந்தது. அங்கே 19-ஆம் நூற்றாண்டில் காட்டு யானையைக் கொன்றவருக்கு அரசாங்கமே சன்மானம் கொடுத்துவந்தது. யானைகள் மளமளவென்று குறைந்த பிறகுதான் அரசாங்கத்துக்கு வேறு கணக்கு உறைத்தது. மரம் இழுக்கவும் ராணுவச் சுமை தூக்கவும் யானை வேண்டுமே! 1873-ல் மதராஸ் அரசு காட்டு யானைகளைக் கண்டபடி அழிப்பதைத் தடுக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஆறு ஆண்டுகள் கழித்து, 1879-ல், இந்தியா முழுமைக்குமான யானைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஒரு யானைக்கு 500 ரூபாய் வரை அபராதம் என்று அது சொன்னது.

அந்தச் சட்டத்தில் கவனிக்க வேண்டிய ஒரு விதிவிலக்கு இருந்தது. தன் உயிரையோ பிறர் உயிரையோ காத்துக்கொள்ளவும், வீட்டையும் பயிரையும் நாசம் செய்யும் யானையைத் தடுக்கவும் அதைக் கொல்லலாம். முக்கியச் சாலை, ரயில் பாதை, கால்வாய் ஆகியவற்றின் அருகே வந்த யானைக்கும் இதே கதிதான். பயிருக்கும் யானைக்கும் நடுவில் கோடு எங்கே போடுவது என்ற கேள்வி அன்றே எழுந்துவிட்டது. அது இன்னும் முடியவில்லை என்பது லிந்தாங், லாசா பக்கம் வாழை வைத்திருப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

அதே 1879-ல் நீலகிரிக்கென்று ஒரு தனிச்சட்டம் போடப்பட்டது. அதன் பின்னால் நின்றவர்கள் ஊட்டியில் வேட்டையாடிய ஆங்கிலேய அதிகாரிகளும் தோட்டக்காரர்களும். கடமானும் வரையாடும் குட்டி போடும் காலத்தில் சுடக்கூடாது, சுட விரும்புவோர் உரிமம் எடுக்க வேண்டும் என்பதே அதன் சாரம். விலங்கின் மீதுள்ள பரிவைவிட, அடுத்த ஆண்டு சுடுவதற்கு விலங்கு மிச்சமிருக்க வேண்டும் என்ற கவலையே அதில் அதிகம் தெரிகிறது.

மலாயாவிலும் ஏறக்குறைய இதே கதைதான். நீரிணைக் குடியேற்றங்களில் 1884-ல் காட்டுப் பறவைகளைக் காக்கும் சட்டம் வந்தது. ஐரோப்பியச் சீமாட்டிகளின் தொப்பிக்காக வண்ண வண்ண இறகுகள் கப்பல் கப்பலாகப் போய்க்கொண்டிருந்த காலம் அது. பிறகு மலாய் மாநிலங்களும் ஒவ்வொன்றாகத் தங்களுக்கான விதிகளை வகுத்தன. பெரிய விலங்குகளைச் சுட உரிமம், உரிமத்துக்குக் கட்டணம், மேற்பார்க்க ஒரு வேட்டைக் காவல் அதிகாரி என்பதுதான் ஏற்பாடு. துறையின் மலாய்ப் பெயரில் இருந்த ‘மெர்காஸ்துவா’ என்ற சொல் பழைய ஆட்கள் சிலருக்கு இன்னும் நினைவிருக்கலாம்.

நம் பக்கத்துக்கு இதில் ஒரு பெருமையும் உண்டு. தீபகற்பத்தின் மிகப் பழைய வனவிலங்குக் காப்பகங்களில் ஒன்று, 1900-களின் தொடக்கத்தில், சுங்கை சிப்புட் அடங்கிய இதே கோலகங்சார் மாவட்டத்தில், சியோர் காட்டில் ஒதுக்கப்பட்டது. தெற்கே சுங்கைக்குக் காட்டில் 1928-ல் இன்னொன்று வந்தது. ஆனால் அதே கோலகங்சாரில்தான் 1877-ல் பிரிட்டிஷ் ரெசிடெண்டின் வளாகத்தில் ரப்பர் கன்றுகளும் ஊன்றப்பட்டிருந்தன. அவற்றில் ஒரு மரம் இன்றும் நிற்கிறது. காப்பகத்துக்குக் காடு ஒதுக்கியதும், ரப்பருக்குக் காடு அழித்ததும் ஒரே அரசாங்கம், ஏறக்குறைய ஒரே காலகட்டம். இரண்டில் எது வேகமாக வளர்ந்தது என்று சொல்லத் தேவையில்லை.

ஈப்போ ரயில் நிலையமும் ஒரு சகோதரரும்

ஈப்போ ரயில் நிலையத்தைப் பார்க்காத பேரா தமிழர் இருக்க மாட்டார். அதை வடிவமைத்தவர் ஆர்தர் பெனிசன் ஹப்பேக். கோலகங்சாரின் உபுதியா பள்ளிவாசலும் அவர் கைவண்ணமே. அந்தப் பள்ளிவாசல் கட்டப்பட்டபோது அரச குடும்பத்து யானைகள் இரண்டு சண்டையிட்டு, இத்தாலியிலிருந்து வரவழைத்த பளிங்குக் கற்களை மிதித்து உடைத்துவிட்டன. கட்டுமானமே அதனால் தாமதமானது. யானைக்கும் ஹப்பேக் குடும்பத்துக்கும் அப்படி ஒரு தொடர்பு!

ஆர்தரின் சகோதரர் தியோடர் ஹப்பேக்தான் மலாயாவின் வனவிலங்குச் சட்ட வரலாற்றில் நடுநாயகமான ஆள். 1872-ல் பிறந்து, இளம் வயதில் மலாயா வந்து, ரப்பர் தோட்டமும் நடத்தியவர். யானையையும் செலாடாங் என்கிற காட்டெருதையும் வேட்டையாடிய அனுபவங்களை 1905-ல் புத்தகமாக எழுதியவர். தோட்டங்களில் நாம் கேள்விப்பட்ட ‘வேட்டைக்காரத் துரை’ என்ற படத்துக்கு அப்படியே பொருந்தக்கூடியவர். அவரே பிற்காலத்தில் துப்பாக்கியைக் குறைத்துக்கொண்டு கேமராவைத் தூக்கினார். பகாங்கின் கௌரவ வேட்டைக் காவல் அதிகாரியாக இருந்துகொண்டு, பயிர்ச்சேதம் என்ற காரணத்தைச் சொல்லி யானைகள் சுடப்படுவதைக் கடுமையாக எதிர்த்தார். தோட்டக்காரர்களில் பலருக்கு அவரைக் கண்டாலே ஆகாது. விவசாயத்துக்கு ஆக வேண்டிய நிலத்தை விலங்குக்கு எழுதிக் கொடுக்கச் சொல்கிறாரே என்பது அவர்களின் ஆத்திரம்.

1930-ல் அரசாங்கம் மலாயா வனவிலங்கு ஆணையத்தை நியமித்து ஹப்பேக்கிடமே பொறுப்பைக் கொடுத்தது. ஆணையம் பல இடங்களில் சாட்சியம் கேட்டது. அறிக்கை மூன்று தொகுதிகளாக 1932-ல் வெளிவந்தது. அதில் அவர் அழுத்திச் சொன்ன விஷயம் ஒன்றுண்டு. காப்பகம் என்று ஒரு காட்டை அரசாங்கம் அறிவிக்கலாம். ஆனால் நாளைக்கே ரப்பரோ ஈயமோ வேண்டுமென்றால் அதே அரசாங்கம் ஒரு கையெழுத்தில் அதை ரத்து செய்துவிடலாம். ஆகவே எளிதில் கலைக்க முடியாத, சட்டத்தால் கட்டப்பட்ட தேசியப் பூங்கா வேண்டும் என்றார். அந்தப் போராட்டத்தின் பலனாக 1938, 1939-ஆம் ஆண்டுகளில் பகாங், கிளந்தான், திரெங்கானு சுல்தான்கள் தத்தம் மாநிலத்தில் சட்டம் இயற்றி நிலத்தை ஒப்படைத்தார்கள். ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தேசியப் பூங்கா என்று அன்று பெயர். சுதந்திரத்துக்குப் பின் அது தாமான் நெகாரா ஆனது. பரப்பளவு 4,343 சதுர கிலோமீட்டர். பேரா அந்தப் பூங்காவில் இல்லை.

அறிக்கை வெளியான அதே 1932-ல் பேராவில் நடந்த ஒரு சம்பவத்தை இங்கே சொல்லியாக வேண்டும். தெலுக் ஆன்சன் என்று அன்று அழைக்கப்பட்ட தெலுக் இந்தான் பகுதியில் ஒரு ஜாவா காண்டாமிருகம் சுடப்பட்டது. சுட்டது திருட்டு வேட்டைக்காரர்கள் அல்ல. அருங்காட்சியகத்தில் பாடம் செய்து வைக்க ஒரு மாதிரி வேண்டும் என்பதற்காகச் சுடப்பட்டது. மலாயாவில் அந்த இனத்தைப் பற்றிய கடைசிப் பதிவு அதுதான். இன்று உலகத்திலேயே ஜாவா தீவின் மேற்கு முனையில், ஊஜோங் கூலோன் காட்டில் மட்டும் அது மிஞ்சியிருக்கிறது. ‘அழிந்துகொண்டிருக்கும் இனம்’ என்ற எண்ணம் சட்டத்துக்குள் அன்று இன்னும் நுழையவில்லை என்பதற்கு இதைவிட ஓர் உதாரணம் வேண்டாம். அருகிப்போன விலங்கு என்றால் அதைக் காப்பாற்ற வேண்டும் என்று தோன்றவில்லை, கடைசி ஒன்று கைக்குக் கிடைத்துவிட வேண்டும் என்றுதான் தோன்றியது.

புலிக்கு 1976 வரை காத்திருப்பு

போரும் அவசரகாலமும் இந்த வேலையை நிறுத்தி வைத்தன. 1948 ஜூன் 16-ஆம் தேதி சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஆங்கிலேய நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டதிலிருந்து தொடங்கிய அவசரகாலத்தில் காடே போர்க்களமாயிருந்தது. அந்தக் காலத்தில் யார் விலங்கைக் கணக்கெடுத்தார்கள்! அவசரகாலம் முடியுமுன்பே, 1955-ல், மலாயாக் கூட்டரசுக்கு வனவிலங்குகள், பறவைகள் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதை மாற்றிக்கொண்டு 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் (சட்டம் 76) வந்தது. இந்தியாவும் தன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை அதே 1972-ல்தான் நிறைவேற்றியது. அடுத்த ஆண்டு மார்ச் 3-ஆம் தேதி வாஷிங்டனில், அழிந்துவரும் விலங்குகள், தாவரங்களின் அனைத்துலக வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தம் கையெழுத்தானது. மலேசியா 1977-ல் அதில் சேர்ந்தது.

வேட்டைக்காரனுக்கு விலங்கை மிச்சம் வைக்கும் சட்டம், அழியும் உயிரைக் காக்கும் சட்டமாக மாறியது இந்தச் சில ஆண்டுகளில்தான். புலியின் கதையைப் பார்த்தால் அது புரியும். ஒரு காலத்தில் இந்த நாட்டில் புலியைக் கொன்றவருக்குச் சன்மானம் உண்டு. விடிகாலை இருட்டில் தலைவிளக்கோடு பால்வெட்டப் போன தொழிலாளர்களுக்குப் புலி என்றால் உயிர்ப்பயம். அவர்கள் அதற்குப் பாதுகாப்பு கேட்டு மனுப்போட்டிருக்க மாட்டார்கள் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். நாட்டின் சின்னத்திலேயே இரண்டு புலிகள் நின்றாலும், காட்டில் இருந்த புலிக்கு முழுப் பாதுகாப்பு 1976-ல்தான் கிடைத்தது. 1950-களில் சுமார் 3,000 புலிகள் இருந்ததாக மதிப்பிடப்பட்ட தீபகற்பத்தில், 2016 முதல் 2020 வரை நடந்த தேசிய கணக்கெடுப்பில் 150-க்கும் குறைவாகவே இருப்பதாகத் தெரியவந்தது. சுமத்ரா காண்டாமிருகத்துக்கு அந்த அளவு அதிர்ஷ்டம்கூட இல்லை. மலேசியாவில் எஞ்சியிருந்த கடைசி ஒன்று, இமான் என்ற பெண் காண்டாமிருகம், 2019 நவம்பரில் சபாவில் இறந்தது.

பட்டியலில் பெயர் ஏறினால் போதுமா என்ற கேள்வியை 2005-ல் கிளந்தானின் தும்பாட்டில் நடந்த வழக்கு எழுப்பியது. வெட்டித் துண்டாக்கிய புலியைக் குளிர்பெட்டியில் வைத்திருந்தவருக்கு நீதிமன்றம் விதித்த அபராதம் 7,000 ரிங்கிட். கள்ளச்சந்தையில் ஒரு புலிக்குக் கிடைக்கும் பணத்தோடு ஒப்பிட்டால் அது தேநீர்க் காசு. நாடெங்கும் கண்டனம் கிளம்பியது. அந்தக் கோபம் சேர்ந்து சேர்ந்துதான் 2010 சட்டம் வந்தது. அந்த ஆண்டு டிசம்பர் 28-ஆம் தேதி அது அமலுக்கு வந்தபோது, புலி போன்ற விலங்குகளுக்கான அபராதம் குறைந்தபட்சமே ஒரு லட்சம் ரிங்கிட் என்று உயர்ந்தது. 2022-ல் செய்யப்பட்ட திருத்தம் உச்சபட்சத் தண்டனையைப் பத்து லட்சம் ரிங்கிட் அபராதம், 15 ஆண்டுச் சிறை என்ற அளவுக்குக் கொண்டுபோனது.

தோட்டத்துக்காரருக்கு என்ன வந்தது?

இந்த நூற்றைம்பது ஆண்டுக் கதையில் மன்னர்கள் வருகிறார்கள், துரைமார்கள் வருகிறார்கள், அதிகாரிகள் வருகிறார்கள். காட்டை வெட்டித் தோட்டமாக்கிய தமிழ்த் தொழிலாளர்கள் சட்டத்தை எழுதிய எந்த மேசையிலும் உட்காரவில்லை. ஆனால் சட்டம் நேரடியாக உரசும் இடங்களில் அவர்களின் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

காட்டையொட்டி வாழும் இன்னொரு சமூகத்துக்குச் சட்டம் ஒரு சிறிய கதவைத் திறந்து வைத்திருக்கிறது. போஸ் பியா, போஸ் போய், கோலமு போன்ற சுங்கை சிப்புட் உட்பகுதிக் கிராமங்களில் தெமியார் பூர்வக்குடியினர் வாழ்கிறார்கள். காட்டுப்பன்றி, சருகுமான், முள்ளம்பன்றி உள்ளிட்ட பத்து வகை உயிரினங்களைத் தங்கள் குடும்பத்தின் உணவுக்காக அவர்கள் வேட்டையாடலாம். விற்கக்கூடாது. மற்றவர்களுக்கு இந்தச் சலுகை இல்லை. பூர்வக்குடி நண்பரிடமிருந்து ‘கொஞ்சம் கறி’ காசு கொடுத்து வாங்கினால், கொடுத்தவருக்கும் சிக்கல், வாங்கியவருக்கும் சிக்கல். இது பலருக்குத் தெரியாது.

கண்ணி விஷயம் இன்னும் கூர்மையானது. செம்பனைக் கன்றைக் குடையும் காட்டுப்பன்றிக்காகத் தோட்ட ஓரத்தில் ஒரு கம்பிக் கண்ணி கட்டுவது சாதாரண வேலையாகத் தோன்றலாம். ஆனால் கண்ணிக்குப் பன்றி எது, புலி எது, யானைக்குட்டியின் கால் எது என்று தெரியாது. அதனால்தான் சட்டம் கண்ணியைத் தனியாகக் குறிப்பிட்டே தடை செய்கிறது. விலங்கு எதுவும் மாட்டாவிட்டாலும் கண்ணி வைத்ததே குற்றம். பன்றிக்குத்தான் வைத்தேன் என்ற விளக்கம் அங்கே எடுபடாது.

யானைதான் மிகவும் சிக்கலான வழக்கு. ஒரே இரவில் வாழைத்தோப்பும் இளஞ்செம்பனையும் தரைமட்டமாகிவிடும். மனித உயிருக்கு உடனடி ஆபத்து வந்தால் தற்காத்துக்கொள்ள 2010 சட்டமும் இடம் கொடுக்கிறது. ஆனால் 1879-ன் இந்தியச் சட்டத்தைப் போல, பயிரில் நின்றது என்பதற்காகவே யானையைக் கொல்ல யாருக்கும் அனுமதி இல்லை. அதே சமயம், பயிருக்கு நஷ்டஈடு கொடுக்க வேண்டிய கடமையையும் அந்தச் சட்டம் யார் மீதும் சுமத்தவில்லை. ஆக, யானை மக்கள் எல்லோருக்கும் சொந்தம், நஷ்டம் மட்டும் இரண்டு ஏக்கர்காரருக்குச் சொந்தம் என்று ஆகிறது. சிறு நிலக்காரர்கள் முணுமுணுப்பதில் நியாயம் இருக்கிறது.

1974-ல் தொடங்கப்பட்ட யானைப் பிடிப்புக் குழு, அசாமிலிருந்து கொண்டுவந்த பழக்கிய யானைகளின் துணையோடு, தோட்டங்களில் நுழையும் யானைகளைப் பிடித்துப் பெரிய காடுகளில் விட்டுவருகிறது. சில இடங்களில் அரசாங்கம் மின்வேலி போட்டிருக்கிறது. ஆனால் பிடித்துக்கொண்டுபோய் விட இடம் வேண்டுமே என்ற இடத்தில் ஹப்பேக்கின் பழைய கவலை திரும்பி வருகிறது. கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணைப்படி வனவிலங்குப் பாதுகாப்பு பொதுப்பட்டியலில் இருக்கிறது. கோலாலம்பூர் சட்டம் இயற்றலாம். நிலமும் காடும் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. காட்டை வெட்டுவதா, எதை நடுவது, எந்த வனத்தைப் பட்டியலிலிருந்து நீக்குவது என்பதெல்லாம் மாநில அரசின் கையில். யானையைத் தொட்டால் கூட்டரசுச் சட்டம் பாயும். யானை நடக்கும் காட்டைத் தொட்டால் அந்தச் சட்டம் பேசாது. பேரா 2007-ல் ரோயல் பெலும் காட்டை மாநிலப் பூங்காவாக அறிவித்தது பெரிய காரியம் என்றாலும், அதையொட்டிய கெரிக் - ஜெலி நெடுஞ்சாலையில்தான் 2025 மே 11-ஆம் தேதி, அன்னையர் தினத்தன்று, லாரிக்கு அடியில் சிக்கிய குட்டியைவிட்டு நகர மறுத்து ஒரு தாய் யானை லாரியைத் தலையால் முட்டிக்கொண்டு நின்றது. அந்தக் காணொளியைப் பார்க்காத மலேசியர் குறைவு.

தோட்டத்தில் யானைத் தடமோ புலித் தடமோ தென்பட்டாலும், கண்ணி கட்டியிருப்பதைக் கண்டாலும் வனவிலங்கு, தேசியப் பூங்காத் துறையான பெர்ஹிலித்தானின் 1-800-88-5151 என்ற எண்ணுக்குத் தெரிவிக்கலாம். பறவையோ வேறு விலங்கோ வீட்டில் வளர்ப்பவர்கள், அது எந்தப் பட்டியலில் இருக்கிறது, உரிமம் தேவையா என்பதையும் துறையிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். பயிர்ச்சேதம் ஏற்பட்டால் இடத்தைச் சரிசெய்வதற்கு முன் படம் எடுத்து, தேதியோடு புகார் பதிந்து வைப்பது நல்லது. மின்வேலி எங்கே வேண்டும் என்று துறையிடம் கேட்கும்போது, ஒரே வட்டாரத்திலிருந்து வரும் பத்துப் புகார்களுக்கு உள்ள எடை ஒன்றுக்கு இருப்பதில்லை.